மொத்தத் தொகை வாங்கினால் கணக்குத் தீர்ந்ததா?

நமது வியாபாரச் சகோதரர்களில் பெரும்பாலோர் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள். சாப்பாட்டுக் கடையில் தேங்காய் துருவும் இயந்திரம் சுழல்கிறது. மசாலைக் கிடங்கில் அரவை ஓடுகிறது. ஜவுளிக் கடையில் ஒருவர் ஏணிமீது ஏறி, மேல்தட்டிலிருந்து கனத்த கட்டுகளை இறக்குகிறார். இவையெல்லாம் நடக்கும் இடத்தில் விபத்தும் ஒருநாள் நடந்துவிடுகிறது. சிகிச்சை முடிந்து, காயம் ஆறி, போன விரல் போனதுதான் என்று வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த பிறகு, அந்தச் சிப்பந்தியின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கிறது. நஷ்டஈட்டை மொத்தமாக வாங்கிக்கொள்வதா, மாதந்தோறும் சிறுகச் சிறுகப் பெறுவதா? பெரும்பாலும் அவர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு முதலில் வருவது நம்மிடந்தான். "எனக்கு என்ன தெரியும், முதலாளி? நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்பார்.

என்ன வழி சொல்வது? சொல்ல நமக்கு எவ்வளவு பாத்தியதை உண்டு? சொன்னபின் நம்மேல் எவ்வளவு பொறுப்பு விழுகிறது? இம்மூன்றையும் பற்றி நமது வாசகர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்வோம். மலாயாவில் முன்பு நடைமுறையில் இருந்த 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின்படி, நிரந்தர ஊனத்துக்குக் கிடைத்தது மொத்தத் தொகைதான். பின்னர் 1969ஆம் ஆண்டில் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் சொக்சோ நிறுவனம் வேலையைத் தொடங்கியது. அது முதல் மாதந்தோறும் பணம் தரும் முறை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மட்டும் பல காலம் பழைய சட்டத்தின் கீழேயே விடப்பட்டிருந்தனர். 2019 ஜனவரி 1 முதல் அவர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டனர். அந்தத் திட்டத்துக்குரிய சந்தாவான சம்பளத்தில் 1.25 சதவிகிதத்தை முதலாளி மாத்திரமே செலுத்துகிறார். தொழிலாளியின் சம்பளத்தில் அதற்காகப் பிடித்தம் கிடையாது.

ஊனம் எவ்வளவு என்பதை மருத்துவ வாரியம் சதவிகிதமாக மதிப்பிடுகிறது. அது 20 சதவிகிதமோ அதற்குக் குறைவோ ஆனால், தொழிலாளி விரும்பினால் முழுவதையும் மொத்தத் தொகையாக மாற்றி வாங்கிக்கொள்ளலாம். 20 சதவிகிதத்துக்கு மேற்பட்டால், ஐந்தில் ஒரு பங்கைத்தான் மொத்தமாக வாங்கலாம். மற்ற நான்கு பங்கும் அவர் ஆயுள் உள்ளவரை மாதப் பணமாகவே வரும்.

கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணத்தைச் சுற்று எண்களில் எடுத்துக்கொள்வோம். ஒரு சமையற்காரருக்கு மாதம் 2,500 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 83 வெள்ளி ஆகிறது. அதில் 90 சதவிகிதம் நாள் வீதமாகக் கொள்ளப்படும். அதாவது 75 வெள்ளி. ஊனம் 10 சதவிகிதம் என்றால் நாளுக்கு ஏழரை வெள்ளி, மாதத்துக்கு 225 வெள்ளி. "இவ்வளவுதானா? இதை வைத்து என்ன செய்ய? மொத்தமாக வாங்கினால் ஒரு காரியத்துக்காவது ஆகுமே!" என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவர் 30 வயதுக்காரராக இருந்து 70 வயது வரை வாழ்ந்தால், அந்த 225 வெள்ளி 108,000 வெள்ளியாகக் கூடுகிறது. நாற்பது ஆண்டு கழித்து வரும் வெள்ளியும் இன்று கையில் இருக்கும் வெள்ளியும் ஒன்றாகா என்பதை வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும், சிறிதென்று தோன்றிய தொகை அத்தனை சிறிதன்று என்பதையாவது இந்தக் கணக்கு காட்டும்.

இனி நமது வியாபாரப் புத்தியைப் பற்றிச் சற்றுக் கூறவேண்டும். வியாபாரியின் கண்ணுக்கு மொத்தத் தொகை என்பது கைமுதல். மாதப் பணம் என்பது செலவுக் காசு. கைமுதல் இருந்தால் மனிதன் எழுந்து நிற்பான் என்பது நாம் வாழ்ந்து கண்ட பாடம். நம் பாட்டனார்களில் எத்தனையோ பேர் இரும்புப் பெட்டி ஒன்றோடு பினாங்குத் துறையில் இறங்கி, சிறு முதலைப் பெருமுதலாக்கியவர்கள். ஆதலின் "மொத்தமாக வாங்கிக்கொள் தம்பி, ஏதாவது தொழிலில் போடு" என்னும் வார்த்தை நம் வாயிலிருந்து தானாகவே வந்துவிடும். அவ்வார்த்தை கெட்ட எண்ணத்தில் சொல்லப்பட்டது அன்று. ஆனால் அந்தப் பாட்டனார்களுக்கு இரண்டு கைகளும் இருந்தன. தோற்றால் மறுபடியும் சுமை தூக்கிப் பிழைக்கலாம் என்ற தெம்பு இருந்தது. ஊனமுற்றவருக்கு அந்தத் தெம்பின் ஒரு பகுதி போய்விட்டது. அது போனதற்காகவே இந்தப் பணம் வருகிறது. நம்முடைய துணிச்சலை அவருடைய பணத்தில் பரீட்சை பார்ப்பது நியாயமா என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வட்டியை விலக்கி வாழ நினைக்கும் ஒருவர், மொத்தத் தொகையை வங்கியில் போட்டு அதன் வட்டியில் சாப்பிட முடியாது. அவருடைய பணம் பெருகவேண்டுமானால் வியாபாரத்தில் சேரவேண்டும், அல்லது வாடகை தரும் சொத்தாக மாறவேண்டும். இரண்டுக்கும் அனுபவமும் ஆள்பலமும் தேவை. அவை இல்லாதவரின் பணம் கரையுமேயன்றி வளராது. மாதப் பணம் அந்தக் கஷ்டத்தை அவருக்கு வைப்பதில்லை.

சரி, மொத்தத் தொகை வருகிறது என்ற செய்தி பரவியவுடன் என்ன நடக்கிறது? ஊரிலிருந்து கடிதம் வருகிறது. இப்பொழுது கைப்பேசியில் குரலே வந்துவிடுகிறது. தங்கைக்குச் சம்பந்தம் பேசி முடித்தாகிவிட்டது என்கிறார்கள். வீட்டுக்கு மேல்தளம் போட்டுவிடலாம் என்கிறார்கள். மச்சான் ஒரு வண்டி வாங்கி ஓட்ட ஆசைப்படுகிறார். இவற்றில் எதையும் நாம் இழிவாகப் பேச மாட்டோம். குடும்பத்தைத் தாங்குவதற்காகத்தானே அவர் கடல் கடந்து வந்தார்! ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டும். சம்பளம் குடும்பத்துக்கு உரியது என்பது சரி. இழந்த விரலின் ஈட்டுத்தொகையும் அதே போலப் பங்கு போடத்தக்கதா? சம்பளம் அடுத்த மாதமும் வரும். விரல் அடுத்த மாதம் வராது. இனிமேல் அவர் குறைவாகச் சம்பாதிக்கப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் சேர்த்து முன்கூட்டி வந்த கூலியே அந்தத் தொகை. அதை ஒரே கல்யாணத்தில் செலவழித்தால், வரப்போகும் முந்நூறு நானூறு மாதங்களின் கூலியை ஒரே நாளில் செலவழித்ததாகும். இதை அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும். அவர் தாமே சொன்னால் "பணம் வந்ததும் மனம் மாறிவிட்டது" என்பார்கள். முதலாளி என்ற முறையில் நாம் சொன்னால் அந்தப் பழி அவர்மேல் விழாது.

சட்டம் தரும் மாதப் பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. பிறர் பெயருக்கு எழுதி வாங்கவும் முடியாது. கைக்கு வந்த மொத்தத் தொகைக்கு அப்படிக் காவல் இல்லை. கேட்கிறவர்களுக்கு "இல்லை" என்று சொல்லும் மனவலிமை ஒன்றுதான் அதற்குக் காவல். அந்த வலிமை எல்லாருக்கும் இருப்பதில்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதையும் மரியாதையோடு கேட்கவேண்டும். "வயது வந்த மனிதன், தன் பணத்தை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியாதா? ஏழை என்பதால் அவனைச் சிறு பிள்ளையாக நடத்தலாமா?" என்பது அவ்வாதம். இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், ஒரு பெண்ணுக்குரிய மொத்தத் தொகையை முதலாளி நேரே அவர் கையில் கொடுக்கக்கூடாது, ஆணையரிடம்தான் கட்டவேண்டும் என்று விதித்தது. பாதுகாப்புக்காகச் செய்தார்கள் என்பது உண்மை. ஆயினும் பெண்ணுக்குப் பணத்தை ஆளத் தெரியாது என்ற எண்ணமும் அதற்குள் ஒளிந்திருந்ததை மறுக்கவொண்ணாது. கடையையும் குடும்பத்தையும் ஒருசேர நடத்தும் பெண்கள் நமது சமூகத்தில் எத்தனை பேர்!

இங்கிலாந்திலும் இந்தக் கேள்வி பல காலம் பேசப்பட்டது. அங்கே 1897இல் வந்த சட்டம் வாரப் பணம் தந்தது. ஆனால் அதை மொத்தத் தொகையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளவும் இடமளித்தது. பேச்சுவார்த்தையில் ஒரு பக்கம் காப்புறுதிக் கம்பெனி. மறுபக்கம் வேலையிழந்து கடனில் நிற்கும் தொழிலாளி. யாருக்கு அவசரமோ அவரே விட்டுக்கொடுப்பார் என்பது சந்தைக்குப் போன எவருக்கும் தெரியும். 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை இந்த முறையைக் கண்டித்தது. 1946இல் புதிய சட்டம் செய்து, 1948 முதல் அரசாங்கமே அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

ஆகவே சுதந்திரம் வேண்டும் என்பதும் உண்மை. அவசரத்தில் இருப்பவனின் சுதந்திரம் அரைச் சுதந்திரமே என்பதும் உண்மை. சொக்சோவின் ஐந்தில் ஒரு பங்கு விதி இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. எழுந்து நிற்க ஒரு பங்கு, நடந்து செல்ல நான்கு பங்கு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். பெரிய ஊனத்துக்குச் சட்டமே இந்த அளவை வகுத்துவிட்டது. சிறிய ஊனத்தில்தான் முழு விருப்பமும் தொழிலாளியிடம் விடப்பட்டிருக்கிறது. அங்கேதான் நல்ல ஆலோசனையின் அருமை அதிகம்.

மொத்தத் தொகை எப்பொழுது தக்கது? நம் அபிப்பிராயத்தில் மூன்று சந்தர்ப்பங்கள் உண்டு. ஒன்று, நாளுக்கு நாள் ஏறும் வட்டிக் கடன் கழுத்தை நெரிக்கும்போது. மாதம் 225 வெள்ளி வரவும் 400 வெள்ளி வட்டியும் உள்ளவருக்கு மாதப் பணத்தால் பயனில்லை. கடனை அடைப்பதே முதல் வேலை. இரண்டு, இழந்த கையின் வேலையைச் செய்யக்கூடிய ஒரு கருவியோ தொழிலோ கண்முன் திட்டமாக இருக்கும்போது. "ஏதாவது செய்யலாம்" என்பது திட்டம் ஆகாது. இடம், உரிமச் சீட்டு, சரக்கு, வாடகை, உடன் நிற்க ஒரு நம்பிக்கையான ஆள் ஆகிய அனைத்தும் காகிதத்தில் எழுதிக் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். மூன்று, வயதோ நோயோ காரணமாக மாதப் பணத்தை நெடுங்காலம் பெறமாட்டோம் என்று எண்ண இடமிருக்கும்போது. இம்மூன்றும் இல்லாதவருக்கு மாதப் பணமே மேல் என்று நாம் கருதுகிறோம்.

சிங்கப்பூரில் உள்ள சகோதரர்களுக்குக் கேள்வி வேறு உருவில் வருகிறது. அங்கே 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்ததும், 2020 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பதுமான வேலைக்காய நஷ்டஈட்டுச் சட்டம், நிரந்தர ஊனத்துக்கு மொத்தத் தொகையையே தருகிறது. சராசரி மாத வருமானம், வயதுக்கேற்ற பெருக்கம், ஊனத்தின் சதவிகிதம் மூன்றையும் பெருக்கி அத்தொகை வரும். முழு ஊனத்துக்கான உச்ச வரம்பு 2025 நவம்பர் 1 முதல் 346,000 வெள்ளி. தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் முதலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கருதும் தொழிலாளி, இந்தத் தொகையை விட்டுச் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம். அங்கே கிடைப்பது அதிகமாகவும் இருக்கலாம், தோற்றால் ஒன்றுமில்லாமலும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் பெறமுடியும். மலேசியாவிலோ, சொக்சோவில் சேர்ந்த தொழிலாளி அதே விபத்துக்காக முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குத் தொடர முடியாது.

இங்கே வியாபாரிகளாகிய நாம் நம் மனத்தையே சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் வருகிறது. சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர் தம் தொழிலாளியிடம் "கோர்ட்டு, வக்கீல் என்று அலையாதே, கொடுப்பதை வாங்கிக்கொள்" என்று சொல்லும்போது அது யாருடைய நன்மைக்காகச் சொல்லப்படுகிறது? தொழிலாளி மொத்தத் தொகையோடு ஊருக்குப் போய்விட்டால் கடைக்கும் நிம்மதி, கண்ணுக்கும் நிம்மதி. ஊனமுற்ற ஒருவர் தினமும் நம்முன் வந்து நிற்பது நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடத்திலிருந்து தப்புவதற்காக நாம் சொல்லும் புத்திமதி, புத்திமதி ஆகாது. ஒரு முடிவினால் நமக்கு லாபமிருந்தால் அதை முதலில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு, வேறொரு நடுநிலையாளரிடம் கேட்டு வரும்படி அனுப்பவேண்டும். சரக்கில் குறையிருந்தால் சொல்லி விற்பதுதானே நமது வியாபார ஒழுக்கம்? ஆலோசனைக்கும் அதுவே ஒழுக்கம்.

அதைவிடக் கடுமையாகச் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. சில இடங்களில் தொழிலாளியைச் சொக்சோவில் பதிவே செய்யாமல் வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டும் என்ற விதியைக் காற்றில் விட்டு, இரண்டாயிரமோ மூவாயிரமோ கையில் திணித்து, விமானச் சீட்டும் எடுத்துக் கொடுத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். "அவனே சம்மதித்துத்தான் வாங்கினான்" என்று பிறகு சொல்வார்கள். வெள்ளத்தில் போகிறவனிடம் அவன் மூட்டையை அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அவனும் சம்மதிப்பான். அந்தச் சம்மதத்தை நாம் வியாபாரம் என்று ஒப்புக்கொள்வோமா? சட்டப்படி வரும் மொத்தத் தொகைக்கும் இப்படி வாய் அடைக்கக் கொடுக்கும் பணத்துக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம். முன்னது உரிமை, பின்னது உரிமையைப் பறிப்பதற்கான கூலி.

இன்னொரு வலையும் உண்டு. மொத்தத் தொகை வாங்கிய தொழிலாளியிடம் "பணத்தை நம் கடையிலேயே போட்டு வை, லாபத்தில் பங்கு தருகிறேன்" என்று முதலாளி சொல்வது. நல்லெண்ணத்தோடும் சொல்லலாம். ஆயினும் அவருடைய வேலையும் இந்தக் கடையில், விரலின் விலையும் இந்தக் கடையில் என்றால், கடை ஆட்டங்கண்டால் அவருக்கு எது மிச்சம்? லாபம் என்னவென்று பேரேட்டைப் பார்த்துக் கேட்கும் துணிச்சல் அவருக்கு வருமா? அது அமானிதப் பொருள் என்ற நினைப்பு நமக்கு வேண்டும். தவிர்ப்பதே நலம். தவிர்க்க முடியாவிட்டால், எழுத்து மூலமாகவும் சாட்சிகள் முன்னிலையிலும் கணக்கு வைத்து, கேட்டபோது திருப்பித் தரும் ஏற்பாட்டோடு மட்டுமே வாங்கவேண்டும்.

நமது மார்க்கச் சட்டத்தில் தியத் என்னும் ஈட்டுத்தொகை உண்டு. ஒரு விரலுக்குப் பத்து ஒட்டகம், ஒரு கைக்கு ஐம்பது. பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் ஒரே அளவு. தவறுதலாக உயிர்ச்சேதம் நேர்ந்தால், அதன் ஈட்டை அவன் ஒருவன் மாத்திரம் சுமக்காமல் அவனைச் சேர்ந்த உறவினர் அனைவரும் பகிர்ந்து, மூன்று ஆண்டுகளில் செலுத்துவர். இதில் நமக்கு ஒரு படிப்பினை இருக்கிறது. ஒருவனுக்கு நேர்ந்த நஷ்டம் அவனோடும் அவன் முதலாளியோடும் முடிந்துவிடும் தனிக்கணக்கு அன்று. சுற்றியிருக்கும் கூட்டம் தோள் கொடுத்துக் கால அவகாசத்தோடு தீர்க்கவேண்டிய கணக்கு.

ஆகவே, சிப்பந்தி நம்மிடம் வந்து கேட்கும்போது நாம் செய்யத்தக்கது இதுதான். அன்றைக்கே முடிவு சொல்லும்படி அவரை அவசரப்படுத்தாதிருப்போம். சதவிகிதம் குறைவென்று அவர் நினைத்தால் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு என்பதைச் சொல்வோம். இரண்டு வழிகளின் தொகைகளையும் அவருக்குத் தெரிந்த பாஷையில் எழுதிக் காட்டுவோம். அவருடைய மனைவியோடும் பேசச் சொல்வோம். பிறகு அவர் எதைத் தேர்ந்தாலும் அதை மதிப்போம். ஏனெனில் போனது அவர் விரல், பணமும் அவருடையது.

அவர் மொத்தத் தொகை வாங்கினாலும் மாதப் பணம் வாங்கினாலும் நம் பக்கத்துக் கணக்கு ஒன்று பாக்கி நிற்கிறது. கல்லாவில் உட்காரலாம், சரக்குக் கணக்கு எழுதலாம், வாடிக்கையாளரைக் கவனிக்கலாம். ஒரு விரல் குறைந்தவர் செய்யக்கூடிய வேலை நம் கடைகளில் ஏராளம். சொக்சோவே 2007 முதல், காயமுற்றவர்களை மீண்டும் வேலையில் அமர்த்தும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. நஷ்டஈட்டைச் சொக்சோ கொடுக்கும், காப்புறுதிக் கம்பெனி கொடுக்கும். நாளைக் காலை எழுந்து போவதற்கு ஓர் இடத்தை அவை கொடுக்க இயலா. அதைக் கொடுக்கக்கூடியவர் கடைக்காரராகிய நாம்தான்.

ஆண்டு முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது, நம் கடையில் வேலை செய்து காயமுற்றவர் யார், இன்று அவர் எங்கே, எப்படிப் பிழைக்கிறார் என்ற ஒரு வரியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வோமாக. அந்த வரிக்கு நேரே பதில் எழுத முடிந்த முதலாளியே தம் கணக்கைத் தீர்த்தவர்.